கூடம் குட்டி போட்ட ஊர்

கொம்பங்குளம் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறை என்று ஒன்று இருந்தது, அதன் வாசலில் எப்போதும் செருப்புகள் குவிந்து கிடந்தன, செருப்புகளுக்கு மேலே சுவரில் ‘காலணியோடு உள்ளே வந்தால் கணினிக்கு வைரஸ் வரும்’ என்று தலைமையாசிரியர் அருமைநாயகம் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய அட்டை இருந்தது, அட்டைக்குக் கீழே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருடா வருடம் வெறுங்காலோடு வரிசையில் நின்று உள்ளே போய், ஒரு கணினியைச் சுற்றி ஒரு கூட்டமாக நின்று, ஒருவன் தட்ட மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, தங்கள் செருப்பையோ கொஞ்சம் நல்லதாகத் தெரிந்த வேறொருவன் செருப்பையோ மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். கணினி ஆசிரியை மரகதவல்லிக்கு அந்த அட்டை பொய் என்று தெரியும். வைரஸ் தூசியும் இல்லை, கிருமியும் இல்லை, எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து வேலை மெனக்கெட்டு எழுதிவைத்த கட்டளைகள்தான், அது நல்ல கோப்பு ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும், யாராவது திறக்கும்வரை சும்மா கிடக்கும், திறந்துவிட்டால் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்துவைக்கும் என்று அவள் சொல்வாள், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். எழுதி முடித்ததும், “அப்போ செருப்பு போட்டுட்டு வரலாமா டீச்சர்?” என்று கேட்பார்கள். “ஹெச்செம் சார் பாத்தா வைவாரு, கழட்டிட்டே வாங்க” என்று அவளும் சொல்லிவிடுவாள்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அருமைநாயகம் அந்த அறைக்குள் வந்தார். செருப்பைக் கழற்றியதோடு நிற்காமல் குழாயடியில் காலையும் கழுவிக்கொண்டு வந்து, மின்னஞ்சல் பார்க்க உட்கார்ந்தார். அதில், ‘வாழ்த்துகள், தங்கள் பெயருக்கு இலவச வீட்டுமனைப் பட்டா, இணைப்பைத் திறக்கவும்’ என்று ஒன்று வந்திருந்தது. அனுப்பியது யாரென்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பணிக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வீட்டுமனைக்காக அலைந்த மனிதர், பட்டா என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. திறந்தார், ஒன்றும் வரவில்லை, மறுபடி திறந்தார், திரை கண்ணை மூடித் திறந்தது, அவ்வளவுதான். ச்சே என்று எழுந்து, சாக்குக்கட்டி எடுக்கப் பக்கத்துச் சாமான் அறையின் கதவைத் திறந்தார். கதவுக்கு அந்தப்பக்கம் கணினி அறை இருந்தது. அதே மேசை, அதே கணினிகள், அதே கிழிந்த திரைச்சீலை, சுவரில் அதே நாட்காட்டி, அதையும் தாண்டிப் போனால்தான் சாமான் அறை இருந்தது.

“டீச்சர், நான் செருப்பக் கழட்டிட்டுத்தான உள்ள வந்தேன்?” என்றார்.

மரகதவல்லி வந்து புது அறையைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். “செருப்புல வரல சார். நீங்க ஒண்ணத் தொறந்தீங்கல்லா, அதுல வந்திருக்கு.”

“பட்டா குடுக்கேன்னு போட்டுருந்தான் டீச்சர்.”

“அப்படித்தான் சார் போடுவான். வைரஸ் குடுக்கேன்னு போட்டா யாரு தொறப்பா?”

அருமைநாயகம் புது அறையைக் கால் அடியால் அளந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், நல்ல கெட்டிச் சுவர். “என்னமோ போங்க டீச்சர்,” என்றார், “சொன்னபடி குடுத்துட்டான்லா.”

அன்று சாயங்காலம் அவர் அந்தக் கணினியிலிருந்து பென்டிரைவ் ஒன்றில் வினாத்தாளை எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், சட்டையைக் கழற்றிக் கூடத்துக் கதவின் ஆணியில் மாட்டினார், பென்டிரைவ் சட்டைப்பையில் கிடந்தது. காலையில் கதவைத் திறந்தால் அவர் வீட்டுக் கூடம் ஒரு குட்டி போட்டிருந்தது. மூடித் திறந்தார், இன்னொன்று. கதவை எத்தனை தடவை மூடித் திறந்தாலும் தடவைக்கு ஒரு கூடம் கூடியது, கூடிய கூடங்களுக்குள் கதவில்லை, நிலை மட்டும் இருந்தது, ஒன்றின் வழியாக ஒன்று நீண்டு போனது, வெளியே தெருவில் நின்று பார்த்தால் வீடு மட்டும் முன்பிருந்த அதே வீடாக இருந்தது. விஷயம் அவர் மனைவி கோலம் போட்டு முடிப்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு கொம்பங்குளத்தில் யார் வீட்டுக்கு யார் போனாலும் காப்பித்தூள் கேட்கவில்லை, பென்டிரைவ் கேட்டார்கள். கணினியையே கண்ணால் பார்க்காதவர்கள் அதை மஞ்சள் கயிற்றில் கட்டி, எலுமிச்சம்பழத்துக்கும் பச்சைமிளகாய்க்கும் நடுவில் கோத்து, நிலைக்கு மேலே தொங்கவிட்டார்கள், கதவைத் திறந்தார்கள், கூடம் வந்தது. வந்த கூடத்தைப் பார்த்துவிட்டு மாமனுக்கும் மச்சானுக்கும் கொடுத்தனுப்பினார்கள். ஒரே வீட்டைப் பங்கு பிரிக்க முடியாமல் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பிகள் சமாதானமாகி, யார் கூடத்தில் முதலில் காற்று வரும் என்று புதிதாகச் சண்டை போட்டார்கள். நகராட்சித் தலைவர் ஊர்வலமாக வந்து, தன் வீட்டின் புதுக் கூடங்களை ரிப்பன் வெட்டித் தானே திறந்துவைத்து, கூடத்துக்குக் கூடம் தன் படத்தை மாட்டினார், மாட்டவே வேண்டாம், முதல் கூடத்தில் இருந்த படம் எல்லாக் கூடத்திலும் இருந்தது. கோயிலில் கருவறை பின்னால் போய்க்கொண்டே இருந்து சாமி கண்ணுக்கே தெரியாமல் போனபோது, கமிட்டிக்காரர்கள் சிறப்புத் தரிசனம் என்று ஒரு வழியும் அதிசிறப்புத் தரிசனம் என்று ஒரு வழியும் கயிறு கட்டிப் பிரித்தார்கள். தாலுகா அலுவலகத்தில் கோப்பு அறை நெடுந்தூரம் தள்ளிப் போய்விட்டது, ஆனால் மனு கொடுத்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மரகதவல்லி சொல்லிப் பார்த்தாள். இது ஒன்றும் இலவசம் இல்லை, உள்ளே இருக்கிற உங்கள் சாமானை எல்லாம் இது பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது, ஒருநாள் எட்டவே எட்டாது, ஒருவர் கொடுத்ததை ஒருவர் வாங்கி மாட்டாதீர்கள் என்றாள். “வாத்திச்சிக்கு வயித்தெரிச்சல்” என்றார்கள். அவள் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதில் ஆவணியில் ஒருவர் கழுத்துப் பட்டையும் பெட்டியுமாக வந்து சேர்ந்தார். வைரஸ் பிடிக்கிற நிபுணர். பெட்டியைத் திறந்து, பள்ளிக் கணினியில் எதையோ ஓட்டிவிட்டு, டீ வரும்வரை காத்திருந்து, “ஒண்ணும் இல்லையே மேடம்” என்றார்.

“சார், பின்னால திரும்பிப் பாருங்க. எத்தன ரூம் இருக்கு!”

“ரூம் இருக்கலாம். எங்க பட்டியல்ல இல்ல மேடம். தெரிஞ்ச வைரஸோட அடையாளம் எல்லாம் இதுல இருக்கு, ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கும், ஒத்துப் போச்சுன்னா பிடிக்கும். இது புதுசு, பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாத ஒண்ண வைரஸ்னு நான் எப்படி எழுத முடியும்?” என்று கேட்டுவிட்டு, வைரஸ் இல்லை என்று சான்றிதழ் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நகராட்சித் தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அன்று ஊரில் வெடி போட்டார்கள்.

மரகதவல்லியின் புருஷன் பிரமநாயகம் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தான். கல்யாணத்துக்கு அண்டா, சடங்குக்குச் சாமியானா, கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி என்று எல்லாம் அவனிடம்தான் எடுப்பார்கள், அவனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே கவலை சாமான் வைக்க இடமில்லை என்பதுதான். வீடு என்பது முன்னால் ஒரு கூடம், அதில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் ஓர் அறை. அந்த அறையைச் சாமான் அடுக்கும் கிட்டங்கியாக்கி, திருட்டுப் போய்விடும் என்று பின்வாசலையும் ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்திருந்தான். அவன் அம்மா உலகம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, கட்டிலையும் அங்கேயே கொண்டுபோய் அண்டாக்களுக்கு நடுவில் போட்டான். உலகம்மாளுக்குக் கால்தான் போயிற்று, வாய் போகவில்லை. பித்தளைச் செம்பால் கட்டில் காலில் தட்டிக்கொண்டு, “ஏளா மரகதம், ரசத்துல உப்பு கெடக்கா, உப்புல ரசம் கெடக்கா?” என்று ஆரம்பித்தால், மரகதவல்லி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்வரை நிறுத்தமாட்டாள். மருமகளும் சளைத்தவள் இல்லை, பதிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் தலை சீவுவாள், சொல்லிக்கொண்டேதான் மாமியாருக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டு, சேலை மாற்றிவிடுவாள். பெற்ற மகனோ வாசலில் நின்றபடியே, “என்னம்மா, சாப்ட்டியா?” என்பான், பதில் வரும் முன்பு போய்விடுவான்.

அந்தக் கதவின் நிலையில் பிரமநாயகம் பென்டிரைவைக் கட்டினபோது மரகதவல்லி தடுத்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் முதல் வாரம் அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கூடங்கள் கூடக்கூட மாமியாரின் குரல் பக்கத்து வீட்டுச் சத்தம்போல ஆயிற்று, பிறகு பக்கத்துத் தெருச் சத்தம்போல ஆயிற்று, உப்பு உறைப்பு எதுவும் காதில் விழவில்லை, நிம்மதியாகத் தலை சீவினாள். இரண்டாவது வாரம் சோற்றுத் தட்டோடு நடந்து போய்ச் சேர்ந்தபோது ரசம் ஆறிப்போயிருந்தது. உலகம்மாள் வையவில்லை. “எம்புட்டு நேரமா கூப்புடுதேன். ஊர விட்டுப் போயிட்டியளோன்னு நெனச்சேன்” என்றாள்.

பென்டிரைவை அறுத்தெறிந்தால் அவன் இன்னொன்று வாங்கிக் கட்டிவிடுவான் என்பதால், அன்று முதல் அவள் அம்மிக்கல்லைக் கதவுக்கு அண்டை கொடுத்தாள். கதவு மூடினால்தானே திறக்க வேண்டும், திறந்தால்தானே கூடும், திறந்தது திறந்தபடி கிடக்கட்டும் என்று வைத்தாள். பிரமநாயகம் அம்மிக்கல்லை நகர்த்திவிட்டு, “இன்னும் ஒண்ணே ஒண்ணு மரகதம். மாநாட்டுக்கு நாற்காலி கேட்டுருக்கான். வெளியூர்க் கடையில எடுத்து எறக்க எடம் வேணும்லா” என்று ஒரு தடவை மூடித் திறப்பான். ஒன்று என்று ஆரம்பித்தவன் இரண்டு மூன்று என்று கதவைக் கைவிசிறிபோல ஆட்டுவான். “உள்ள உங்க அம்மை கெடக்காவ, ஞாபகம் இருக்கா?” என்று அவள் கத்தினால், “அம்மை எங்க போயிரப் போறா? நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கா?” என்பான். புரட்டாசி முடிவதற்குள் அவள் தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போக வேண்டியதாயிற்று, வீட்டுக்குள்ளேயே, அண்டா அடுக்கின கூடம், நாற்காலி அடுக்கின கூடம், பிறகு ஒன்றும் இல்லாத கூடங்கள், எல்லாவற்றிலும் சுவரில் அவளுடைய கல்யாணப் படமே தொங்க, அதில் அவளும் அவனும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, மணியடித்துக்கொண்டே போனாள். போகும்போதே செம்பு தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். கேட்டால் இன்னும் வேகமாக மிதிப்பாள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலை கஞ்சியோடு கிளம்பினவள் உச்சி சாய்ந்த பிறகும் போய்ச் சேரவில்லை. முந்தாநாள்தான் கடைசியாகப் போய்த் தண்ணீரும் அவலும் வைத்துவிட்டு வந்திருந்தாள், அதற்குள் அவன் கட்சிக்காரர்களைக் கூட்டி வந்து கதவை எத்தனை தடவை திறந்து காட்டினானோ தெரியவில்லை. சைக்கிள் டயர் ஏதோ ஒரு கூடத்தில் காற்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. இறங்கி நின்று, “அத்தே!” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை, செம்புச் சத்தமும் இல்லை, எதிரொலிகூட அந்தப்பக்கம் போனது திரும்பி வரவில்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கஞ்சியை மூடிவைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பினாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனது புருஷன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான். ஒன்பதாம் வகுப்புக்கு அன்றைக்குப் பாடம், கணினி வைரஸ் ஓர் அறிமுகம். தூக்கம் இல்லாத கண்ணோடு புத்தகத்தை விரித்து, எப்போதும் வாசிப்பதுபோல வாசித்தாள். முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்து வேறோர் இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று வாசித்தபோது, அவள் தெருப் பிள்ளை ஜெபக்கனி எழுந்தாள்.

“டீச்சர், உலகம்மா ஆச்சிக்கு நகல் எடுத்து வச்சிருக்கீங்களா?”

யாரோ சிரித்தார்கள். ஜெபக்கனி சிரிக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தாள். “ஆளுக்கெல்லாம் நகல் கெடையாதுளா, உக்காரு” என்று சொல்லிவிட்டு மரகதவல்லி அடுத்த வரிக்குப் போனாள். ‘வைரஸ் புகுந்த கணினியை அதன் வழியாகவே சுத்தம் செய்ய முயலக் கூடாது, நாம் எதைத் திறந்தாலும் வைரஸ் நமக்கு முன்னால் போய் நிற்கும், வெளியிலிருந்து வேறொரு சுத்தமான வட்டைக் கொண்டு கணினியைத் துவக்க வேண்டும்.’ இந்த வரியை வருடா வருடம் அவள் வாசித்திருக்கிறாள், இரண்டு மதிப்பெண் கேள்வி, அடிக்கோடு போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள், இவ்வளவு நாளும் இது தனக்குச் சொன்னது என்று நினைத்ததில்லை. இப்போது வாசித்துவிட்டு நின்றாள், மறுபடி வாசித்தாள், புத்தகத்தை ஜெபக்கனி கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

“டீச்சர், பீரியட் முடியலியே!” என்று அருமைநாயகம் வராந்தாவில் வழிமறித்தார்.

“முடிஞ்சிட்டு சார்” என்றாள்.

கட்டட வேலை நடந்த இடத்தில் கடப்பாரை ஒன்றை வாங்கிக்கொண்டு, வீட்டு வாசல் பக்கமே போகாமல், தெருவைச் சுற்றிப் பின்சந்துக்குப் போனாள். பின்வாசலை அடைத்த செங்கல் அங்கே தெரிந்தது, அதில் பிரமநாயகம் பூசிய சிமெண்டும் தெரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தினாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. சான்றிதழ் வாங்கின ஊரில் வீட்டை இடிக்கலாமா, உள்ளே மாநாட்டு நாற்காலி இருக்கிறதே, இப்படி ஒரு வீட்டில் ஓட்டை விழுந்தால் மற்ற வீட்டுக் கூடங்களும் போய்விடாதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அருமைநாயகம் பின்னாலேயே வந்து, “டீச்சர், பள்ளிக்கூடத்துக்கே இதனாலதான் பேரு, யோசிங்க” என்றார். உள்ளே ஒரு கிழவி கிடக்கிறாளே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் செங்கல் பெயர்ந்தது.

ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் அவள் உள்ளே போனாள். அவள் கால் தரையில் பட்டபோது கூடங்கள் எல்லாம் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போயின. அண்டாவும் நாற்காலியும் சாமியானாவும் கல்யாணப் படங்களும் அவற்றோடு போயின. கட்டிலுக்கு எதிரிலேயே, கை எட்டும் தூரத்தில், பழைய கதவு வந்து டப்பென்று மூடிக்கொண்டது. மரகதவல்லி எக்கி, கதவுக்கு மேலே தொங்கின கயிற்றை அறுத்துப் பென்டிரைவைக் கடப்பாரையால் நசுக்கினாள். உலகம்மாள் கண் திறந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது, செம்பு கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. மரகதவல்லி அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, சந்தில் இருந்து யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். “அத்தே, நாந்தான் வந்திருக்கேன்” என்றாள்.

“ஏன்ளா இம்புட்டு மெலிஞ்சு போன?” என்றாள் உலகம்மாள்.

அப்போது பிரமநாயகம் சந்து வழியாக ஓடிவந்து ஓட்டைக்குள் நுழைந்தான். நுழைந்தவன் கதவைப் பார்த்தான், வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தான். “அண்டாவெல்லாம் எங்க? நாற்காலி எங்க மரகதம்? ஊராம் வீட்டு நாற்காலில்லா!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

உலகம்மாள் தண்ணீரை விழுங்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “யாருளா இது? கடைக்கு வந்த ஆளா?”

“என்ன அத்தே இப்படிக் கேக்கிய? உங்க மகன்லா.”

“போளா, எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள் கிழவி. “எம்மவன் கூடத்துக்கு அங்கிட்டு நிக்கான். இந்தா வாரேம்மான்னு சொல்லிட்டுத்தான் நிக்கான். வந்துருவான், பாதைதான் கொஞ்சம் தூரமாப் போச்சு.”

பிரமநாயகம், “அம்மா” என்று ஓரடி முன்னால் வந்தான். அவளோ கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.